தோண்டிய குட்டை ஈரநிலம் ஆகவில்லையா? அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

மழைக்காலத்துக்கு முன் ஒரு குட்டையைத் தோண்டியோ தூர் வாரியோ முடித்து, ஓரத்தில் செடிகளை நட்டு, பங்குனியில் திரும்பி வந்து பார்க்கும்போது வெடித்த மண்ணோ பச்சைக் குழம்போ மட்டும் இருப்பதைக் கண்டு திகைப்பவர்களுக்காக இவ்வழிமுறையை எழுதுகிறேன். கால் ஏக்கர் முதல் மூன்று ஏக்கர் வரையிலான நன்னீர்க் குட்டைகளும் தாங்கல்கள் எனப்படும் சிற்றேரிகளும்தான் இதன் எல்லை. கடலோரச் சதுப்பிலிருந்து ஒரே ஒரு பாடத்தை மட்டும் இடையில் எடுத்துக்கொள்கிறேன். செங்கல்பட்டு மாவட்டத்தில், ஏரிப் பாசனத்துக்குப் பழகிய ஊர்களில், நானே கெடுத்துத் திருத்திய குட்டைகளிலிருந்து கற்றவை இதில் மிகுதி. புறம்போக்கு நிலமாயின் ஊராட்சியின் ஒப்புதலும் வருவாய்த் துறையின் அனுமதியும் இன்றி மண்வெட்டியை எடுக்க வேண்டாம். வண்டல் எடுப்பதற்கும் அனுமதி வேண்டும்.

எதையும் திருத்துவதற்கு முன்

பிழை நீக்க முனையும்போது இரண்டு பொருள்கள் கையில் இருக்க வேண்டும்: ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்து, குட்டையின் ஆழமான இடத்தில் நட்ட ஓர் அளவுகோல், அந்த அளவை நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடு. பக்கத்தில் மழை அளக்கும் புட்டி ஒன்றும் இருந்தால் நன்று. செடிகள் ஏன் பட்டுப்போயின, கொசு ஏன் பெருகியது, பறவை ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்டவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டைத்தான். நீர் எந்த வாரத்தில் எந்த உயரத்தில் நின்றது என்று தெரியாதபோது, சொல்லும் மருந்து எதுவும் ஊகமாகவே இருக்கும். நான் முதலில் செய்த குட்டையில் அளவுகோல் நடவில்லை. செடி தோற்றதற்கு மண்ணைக் குறை சொல்லி இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன்.

அறிகுறி: மழை நின்ற சில வாரங்களிலேயே நீர் முழுதும் வற்றிவிடுகிறது

இதைப் பிழை என்று முடிவு செய்வதற்கு முன், வற்றுவது இயல்பா என்று பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் குட்டைகளில் பெரும்பாலானவை கோடையில் காய்வதற்கே உரியவை. நீர் காயும்போது மீன்கள் அழிவதால் அடுத்த மழையில் தவளைகள் அச்சமின்றி முட்டையிடுகின்றன. சேறு காற்றுப் பட்டு ஆறுகிறது. சேற்றில் புதைந்த விதைகள் பல வெயில் பட்ட பிறகே முளைக்கின்றன. மார்கழியில் மழை ஓய்ந்து பங்குனி வரை நீர் நின்றால், அந்தக் குட்டையில் திருத்த வேண்டியது ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் நீர் நிற்க வேண்டும் என்ற ஆசையில் பொக்லைன் இயந்திரத்தை மறுபடி இறக்கி ஆழப்படுத்துவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

தை பிறப்பதற்குள்ளேயே நீர் போய்விட்டால் மட்டும் கசிவைச் சந்தேகிக்கலாம். நம் கோடை வெயிலில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் வரை ஆவியாகிறது; மார்கழி, தை மாதங்களில் அது ஏறத்தாழப் பாதிதான். அளவுகோலில் இதைவிட வேகமாக மட்டம் இறங்கினால் வாளிச் சோதனையைச் செய்யவும். ஒரு வாளியில் குட்டை நீரையே முக்கால் பங்கு நிரப்பி, கவிழாதபடி உள்ளே கல்லை வைத்து, ஆழமற்ற இடத்தில் அதன் விளிம்பு நீருக்கு மேலே தெரியும்படி நிறுத்த வேண்டும். வாளிக்கு உள்ளே உள்ள மட்டத்தையும் வெளியே உள்ள மட்டத்தையும் குறித்துக்கொண்டு, மழையில்லாத ஒரு முழு நாள் கழித்து இரண்டையும் அளக்க வேண்டும். வாளிக்குள் குறைந்தது வெயில் குடித்தது; வெளியே அதற்கு மேல் குறைந்தது மண் குடித்தது.

மண் குடிக்கிறது என்று உறுதியானபின், எந்த உயரத்தில் குடிக்கிறது என்பதைக் குறிப்பேடு சொல்லும். மட்டம் ஒரு குறிப்பிட்ட கோடு வரை விரைந்து இறங்கி, அதன்பின் மெதுவானால், ஓட்டை அந்தக் கோட்டின் உயரத்தில் கரையில் இருக்கிறது: நண்டு வளை, எலி வளை, இற்றுப்போன பழைய வேரின் துளை, மணல் படிந்த ஒரு பட்டை ஆகியவற்றில் ஒன்று. கடைசி வரை ஒரே வேகத்தில் இறங்கினால் அடிமண்ணில்தான் குறை.

அடிமண்ணைச் சோதிக்க ஒரு பிடி மண்ணை எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, சப்பாத்தி மாவின் பதத்துக்கு நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நாடா போல நசுக்கித் தள்ள வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு தொங்கியபின் அறுந்தால் அது நீரைத் தாங்கும் களிமண். இரண்டரை சென்டிமீட்டருக்குள் அறுந்தால் அதை நம்பி நீரைத் தேக்க இயலாது. பல குட்டைகளில் மேலே நல்ல களிமண் அரை மீட்டரோ ஒரு மீட்டரோ இருந்து, அதற்கடியில் சரளையோ சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கல்லோ இருக்கும். ஆழமாகத் தோண்டுவதாக எண்ணி அந்தக் களிமண் படிவத்தைக் கிழித்துவிட்டால், அடைப்பான் பிடுங்கிய தொட்டியின் கதிதான். தோண்டத் தொடங்கும் முன் கடப்பாரையால் ஐந்தாறு இடங்களில் துளையிட்டுப் பார்த்திருந்தால் இது நேராது. அந்தத் துளைகளில் சாம்பல் நிற மண்ணில் துருநிறப் புள்ளிகள் தெரிந்தால், அந்த இடத்தில் ஆண்டுதோறும் நீர் நின்றிருக்கிறது என்று பொருள். புதிதாக ஒன்றை உருவாக்க விரும்புவோர் அப்படிப்பட்ட இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிழிந்த அடியைத் தைக்க வழி உண்டு. நெல் வயலில் ஆண்டுக்கணக்கான சேற்றுழவால் ஏர்க்காலுக்குக் கீழே ஓர் இறுகிய தட்டு உண்டாகி நீரைத் தேக்குகிறதல்லவா, அதையே இங்கே செய்ய வேண்டும். நாடாச் சோதனையில் தேறிய களிமண்ணைக் கொண்டுவந்து பதினைந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, உருட்டினால் உருளும் ஆனால் கையில் ஒட்டாத ஈரத்தில் வைத்து, இடைவெளியின்றி மிதித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கைப் பரப்ப வேண்டும். இப்படி மூன்று அடுக்காவது வேண்டும். ஊரில் எருமைகள் இருந்தால் இரண்டு நாள் உள்ளே அடைத்துவைப்பது எந்த இயந்திரத்துக்கும் குறைந்ததன்று. ஒரே தடவையில் அரை மீட்டர் மண்ணைக் கொட்டி மேலே மட்டும் உருளை ஓட்டினால், மேல்தோல் இறுகி உள்ளே பஞ்சாகவே இருக்கும். பிளாஸ்டிக் விரிப்பை நான் பரிந்துரைப்பதில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் பத்தடிக் குட்டைக்கு அது ஏற்றதாக இருக்கலாம். ஆடுமாடு இறங்கும் இடத்தில் ஒரு குளம்பே அதன் ஆயுளை முடித்துவிடும்.

அறிகுறி: கரையின் வெளிப்புற அடியில் நீர் கசிகிறது

கசியும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கவும். தெளிந்த நீர், ஒரே அளவில், மெதுவாக வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மண் கரைகள் எல்லாமே சிறிது வியர்க்கும். கலங்கிய நீர் வந்தாலோ, தெளிந்த நீரே நாளுக்கு நாள் பெருகினாலோ, கரைக்குள் மண் அரிக்கப்பட்டுக் குழாய் போன்ற ஒரு வழி உருவாகிக்கொண்டிருக்கிறது. அது பிற்பகலில் விரல் அளவாக இருந்து விடிவதற்குள் கரையையே கொண்டுபோகக்கூடும்.

இவ்விடத்தில் கை தானாகச் செய்ய நினைப்பது தவறான செயல். வெளியே நீர் வரும் வாயில் களிமண்ணை அப்பி அடைத்தால், உள்ளே அழுத்தம் கூடி, நீர் பக்கத்தில் வேறு வழியைப் பிளக்கும். வெளிவாயின் மேல் முதலில் ஆற்று மணலையும், அதன்மேல் சிறு சரளையையும், அதன்மேல் கல்லையும் பரப்பி, நீர் வெளியேறவும் மண் உள்ளேயே தங்கவும் விட வேண்டும். அடைப்பதை உட்புறத்தில், நீர் நுழையும் இடத்தில், களிமண் நிரப்பிய கோணிப்பைகளால் செய்ய வேண்டும். நீர் நுழையும் வாய், மேற்பரப்பில் சிறு சுழியாகவோ, தூவிய உமி ஓரிடத்துக்கு இழுபடுவதாகவோ தெரியும். மதகு இருந்தால் திறந்து மட்டத்தைக் குறைக்கலாம், இல்லையென்றால் மோட்டார் வைத்து இறைக்கலாம். எந்நிலையிலும் கரையை வெட்டி நீரை விடக் கூடாது. குட்டைக்கு இது போதும். பாசன ஏரியின் கரையில் கலங்கிய கசிவைக் கண்டால், நீங்களே முயலாமல் அன்றைக்கே நீர்வளத் துறையின் அலுவலருக்குத் தெரிவிக்கவும்.

கரையில் பெரிய மரம் வளர்ப்பதைப் பற்றி ஒரு சொல். மரம் பட்டபின் அதன் தடித்த வேர் இற்று, கரையின் குறுக்கே ஒரு குழாயை விட்டுச்செல்கிறது. முன்னோர் கரையில் பனையை நட்டது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது; அதன் வேர்கள் கொத்தாகவும் மெல்லியனவாகவும் பரவி மண்ணைப் பிடிக்கின்றன. சரிவுகளில் அருகம்புல்லும் வெட்டிவேரும் போதுமானவை.

அறிகுறி: ஊரெல்லாம் மழை பெய்தும் குட்டை நிரம்பவில்லை

வாளியும் களிமண்ணும் இங்கே உதவா. குடையை எடுத்துக்கொண்டு, கனமழை பெய்யும்போதே வரத்துக் கால்வாயைக் குட்டையிலிருந்து மேல்நோக்கி நடந்து பார்க்க வேண்டும். வெயிலில் பத்து நாள் செய்த ஆய்வு காட்டாததை அந்த ஒரு மணி நேரம் காட்டும். புதிதாகப் போட்ட தெருவின் அடியில் குழாய் வைக்க மறந்திருப்பார்கள், அல்லது வைத்த குழாய் கால்வாயின் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கும், அல்லது வயல்காரர் ஒருவர் வண்டி போக மண்ணைத் தள்ளியிருப்பார். தட்டையான நம் நிலத்தில் ஐந்து சென்டிமீட்டர் மேடுகூட நீரை வேறு பக்கம் திருப்பிவிடும். கண் அதைக் காணாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தில் நீரை நிரப்பி, இருவர் இரு முனையையும் பிடித்து, பத்து மீட்டருக்கு ஓரிடம் என்று மட்டம் எடுத்தால் மேடு எங்கே என்று அரை நாளில் தெரிந்துவிடும்.

கலங்கலின், அதாவது மிகைநீர் வழிந்து வெளியேறும் இடத்தின், மட்டத்தையும் அப்போதே சரிபார்க்கவும். வந்த நீர் உடனே வெளியேறும்படி கலங்கல் தாழ்ந்திருந்த குட்டையை, வரத்து இல்லை என்று எல்லோரும் நம்பியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கால்வாய் குட்டையில் சேரும் இடத்துக்குச் சற்று முன்பாக ஒரு சிறு பள்ளம் அமைத்தால், வண்டலும் குப்பையும் அங்கேயே தங்கும். ஆண்டுக்கொரு முறை அதை மட்டும் அள்ளினால் போதும், குட்டையைத் தொட வேண்டியதில்லை.

அறிகுறி: நட்ட செடிகள் பட்டுப்போகின்றன

இதற்கு உரமும் பூச்சிமருந்தும் தேடுவோர் உண்டு. நான் கண்டவரை, பத்தில் ஒன்பது சாவுகளுக்குக் காரணம் நீரின் உயரம்தான்.

கோரை, சம்பு போன்ற செடிகள் தண்டின் உள்ளே உள்ள காற்றறைகள் வழியாக இலையிலிருந்து வேருக்குக் காற்றை அனுப்புகின்றன. காற்றற்ற சேற்றில் அவை பிழைப்பது அதனால்தான். இலை முழுவதும் நீரில் மூழ்கினால் சில நாள்களில் வேர் மூச்சடைத்து அழுகும். ஆகவே நடும் நாளில் மூன்றில் ஒரு பங்கு இலையாவது நீருக்கு மேலே நிற்க வேண்டும். அடுத்த நான்கு வாரங்களில் நீர் எவ்வளவு உயரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஐப்பசி மழைக்கு முந்தைய வாரத்தில் குட்டையின் நடுவில் நட்ட நாற்று மூழ்கியே சாகும். தையில் நீர் இறங்கத் தொடங்கும்போது, இறங்கும் நீரின் ஓரத்தைத் தொடர்ந்து சென்று நடுவது எனக்குப் பலன் தந்த முறை. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் நீர் தொட்டுச் செல்லும் ஈரச் சேற்றுக்கு. கோரை கணுக்கால் முதல் முழங்கால் வரையிலான நீருக்கு. அல்லி முழங்காலுக்கு மேலே இடுப்பு வரை. நீர்மருதும் நாவலும் புங்கனும் வெள்ளம் சில நாள் மட்டும் நிற்கும் மேட்டு ஓரத்துக்கு.

இந்த வரிசை அமைவதற்கு முதலில் சரிவு வேண்டும். இயந்திரம் வைத்துத் தோண்டும்போது கரையைச் செங்குத்தாகச் செதுக்கி, நடுவைக் கிணறு போல் இறக்குவதுதான் எளிது, மண்ணும் நிறையக் கிடைக்கும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று சரிவில் நீர் அரை மீட்டர் ஏறினால் நனைவது அரை மீட்டர் அகலம். பத்துக்கு ஒன்று சரிவில் அதே ஏற்றம் ஐந்து மீட்டர் அகலத்தை நனைக்கிறது. கோரையும் தவளையும் உள்ளானும் வாழ்வது அந்த ஐந்து மீட்டரில். செங்குத்தான கரையுள்ள குட்டையில் செடி பிடிக்கவில்லை என்றால் நாற்றை மாற்றிப் பயனில்லை. ஒரு பக்கக் கரையையாவது சரித்து இழுத்துவிட வேண்டும். நிலம் குறுகலாக இருந்தால் நான்கு பக்கமும் அரைகுறையாகச் சரிப்பதைவிட ஒரு பக்கத்தை முழுமையாகச் சரிப்பது மேல்.

நீரின் போக்கைச் சரிசெய்யாமல் செடியை மட்டும் நட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிச்சாவரத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்த அலையாத்திக் காட்டில், ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மரங்கள் முழுவதுமாக வெட்டப்பட்டன. வெயில் பட்ட சேறு ஈரம் இழந்து அமிழ்ந்து, வெட்டிய பரப்புகள் தாம்பாளம் போல் குழிந்தன. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச்சென்றது. ஆண்டுக்காண்டு உப்பு ஏறி, எதுவும் முளைக்காத வெளியானது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத் துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து அங்கே முதலில் செய்தது கால்வாய் வெட்டுவது. மீன்முள் வடிவில், நடுவே ஒரு பெரிய கால்வாயும் இருபுறமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்களும் அமைத்து, ஓதம் நாள்தோறும் வந்துபோகும்படி செய்து, உப்பு கழுவப்பட்ட பின்னரே நாற்றும் விதையும் பயன் தந்தன. பின்னர் அங்கே மிகுதியாக நிலைத்தது வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம். அதே முறை முத்துப்பேட்டையிலும் கையாளப்பட்டது. உள்நாட்டுக் குட்டையிலும் கோடையில் ஓரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிந்து, செடியின் இலைநுனி கருகினால், நீர் வந்து தேங்கி ஆவியாவது மட்டுமே நடக்கிறது, வெளிப்போக்கு இல்லை என்று கொள்ளலாம். கலங்கலைச் சற்றுத் தாழ்த்தி, முதல் மழை நீர் உள்ளே சுழன்று வெளியேறும்படி விட்டால் இரண்டு மூன்று பருவங்களில் மண் மீளும்.

தூர் வாரிய குட்டையில் உடனே எதையும் நட வேண்டாம் என்பதே என் கருத்து. பழைய சேற்றின் மேல் அடுக்கில், ஒரு சாண் ஆழத்துக்குள், அந்த இடத்துக்கே உரிய விதைகளும் கிழங்குகளும் உறங்குகின்றன. வண்டலை அள்ளும்போது அந்த மேல் சேற்றைத் தனியே ஒதுக்கிவைத்து, வேலை முடிந்தபின் சரிவுகளில் திரும்பப் பரப்பினால், நீர்முள்ளியும் கொட்டிக்கிழங்கும் ஆம்பலும் தாமே வரும். ஒரு பருவம் காத்திருந்து, வராதவற்றை மட்டும் பக்கத்து ஊர்க் குளத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கலாம்.

அறிகுறி: ஒரே செடி எல்லாவற்றையும் மூடிவிட்டது

ஆகாயத்தாமரையாயின், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தகுந்த நீரில் இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் காத்திருக்கும். ஒருமுறை இயந்திரம் வைத்து வாரி, நிழற்படம் எடுத்து, விழா முடிப்பதால் ஆவது ஒன்றுமில்லை. கடைசிச் செடி வரை எடுத்தபின், அடுத்த ஓராண்டு பத்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் சுற்றிவந்து முளைத்தவற்றைக் கையால் எடுக்க வேண்டும். அது அடங்காமல் பெருகினால் எங்கோ கழிவுநீர் கலக்கிறது. அந்தக் குழாயைத் தேடுங்கள், செடியைத் தேட வேண்டாம்.

சம்பு மூடிக்கொண்டால் அது உள்ளூர்ச் செடியே என்பதால் முழுவதும் ஒழிக்கக் கூடாது. நீர்க்கோழிகள் அதில்தான் ஒளிகின்றன. மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு மேல் போகும்போது, மழைக்குச் சற்று முன், நீர் ஏறும்போது முழுவதும் மூழ்கும்படி அடியோடு அறுத்துவிட வேண்டும். மேலே சொன்ன காற்றறை வழியை நீரே அடைத்துவிடுவதால் கிழங்கு அழுகும். நீருக்கு மேலே தண்டு எஞ்சும்படி அறுத்தால் அது முடிவெட்டிவிட்டது போல்தான், மறுபடி தழைக்கும்.

நெய்வேலிக் காட்டாமணக்கின் ஒவ்வொரு துண்டும் சேற்றில் வேர்விடும். வெட்டிக் குட்டைக்குள்ளேயே போட்டால் ஒன்று பத்தாகும். வேரோடு பிடுங்கி, மேட்டில், வேர் வானம் பார்க்கும்படி காயப்போட வேண்டும். சீமைக் கருவேலத்தை வேர்த்தலைக்குக் கீழே தோண்டி எடுக்காமல் அறுத்தால் அடுத்த ஆண்டு ஒரு மரம் புதராகிவிடும். எனினும் ஒரே கோடையில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டாம். நாட்டுக் கருவேலம் அழிந்த கண்மாய்களில் நாரைகளும் கொக்குகளும் இதன்மேலேயே கூடு கட்டுவதைத் தென் மாவட்டங்களில் காணலாம். மாற்று மரம் கிளை விரித்த பின்னரே அவற்றைத் தொட வேண்டும்.

அறிகுறி: நீரின் நிறம் மாறியிருக்கிறது

செம்மண் நிறத்தில் கலங்கியிருந்தால் ஒரு கண்ணாடிப் புட்டியில் நீரைப் பிடித்து ஓர் இரவு வைக்கவும். காலையில் தெளிந்திருந்தால், குட்டையில் எதுவோ அதைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது: மாடோ, அடியைக் கிளறும் கெண்டை மீனோ, கரை அரிப்போ. மூன்று நாள் கழித்தும் தெளியாவிட்டால் மண்ணே களர்த்தன்மை (சோடியம் மிகுதி) கொண்டது. மண் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அவர்கள் சொல்லும் அளவில் ஜிப்சம் இட்டால் களித்துகள்கள் திரண்டு படியும்.

பச்சையாக இருந்தால் ஒரு குச்சியை விட்டுத் தூக்கவும். நூல் நூலாகத் தொங்கினால் அது சாதாரணப் பாசி. கையால் வாரிக் கரையில் போட்டு உரமாக்கலாம். வண்ணப்பூச்சு போல வழிந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். அதன் நஞ்சு மாடுகளைக் கொல்ல வல்லது என்பதால் கால்நடைகளை அன்றே தடுக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் மிகுதியான ஊட்டம்: சாக்கடை, வயலிலிருந்து வடியும் உரம், துணி துவைக்கும் சோப்பு.

எண்ணெய்ப் படலம் மிதக்கிறது என்று பதறுவோர் குச்சியால் அதைக் கலைத்துப் பார்க்கலாம். கண்ணாடிச் சில்லு போல் உடைந்து விலகி நின்றால் அது இரும்புச் சத்தை உண்ணும் நுண்ணுயிர்களின் வேலை, கேடில்லை. உடனே ஒன்றுசேர்ந்தால் உண்மையிலேயே டீசல்தான். எந்த மோட்டாரிலிருந்து வருகிறது என்று பார்க்கவும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், இரவில் பாசியும் சேறும் நீரின் உயிர்வளியைத் தின்றுவிட்டன என்று பொருள். சேற்றைக் கிளறும்போது வரும் அழுகிய முட்டை மணம் மட்டும் இருந்தால் அதில் பிழை ஏதுமில்லை, ஈரநிலத்தின் இயல்பான மணம் அது.

அறிகுறி: கொசு பெருகிவிட்டது என்று ஊர் குறைகூறுகிறது

இந்தப் புகாரை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. குட்டையை மூடிவிட வேண்டும் என்ற பேச்சு இங்கிருந்துதான் தொடங்கும். வெப்பமான நீரில் முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். ஊர்ப் பெரியவர்களோடு ஒரு வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துச்சென்று, குட்டையின் நடுவிலும், ஓரத்திலும், மாட்டுக் குளம்புப் பள்ளங்களிலும், பக்கத்துத் தெருச் சாக்கடையிலும் நீர் முகந்து புழுக்களை எண்ணிக் காட்டவும். தும்பியின் இளம்பூச்சிகளும் நீர்வண்டுகளும் உலவும் திறந்த நீரில் புழு அரிதாகவே கிடைக்கும். குளம்புப் பள்ளத்திலும் சாக்கடையிலும் நெளியும். திருத்த வேண்டிய இடமும் அதுவே. குட்டையிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் சிறு பள்ளங்களை மண்வெட்டியால் முதன்மை நீரோடு இணைத்துவிட்டால் மீன் அங்கே போய்ச்சேரும்.

எந்த மீன் என்பதில் கவனம் வேண்டும். கொசு மீன் என்று தரப்படும் கம்பூசியா வட அமெரிக்காவைச் சேர்ந்தது; அது தவளைக் குஞ்சுகளையும் தும்பியின் இளம்பூச்சிகளையும் தின்று, கொசுவுக்கு எதிரிகளாய் இருந்தவற்றையே குறைக்கிறது. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும் நம் முண்டக்கண்ணி அந்த வேலையைக் கேடின்றிச் செய்யும். யாரேனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்து விட முன்வந்தால் மறுத்துவிடவும். அதை வளர்ப்பது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது, குட்டையில் வேறெதையும் அது மிச்சம் வைக்காது.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் பறவைகள் வரவில்லை

நீர் மிகவும் ஆழமாக இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கவும். சிறு உள்ளான்கள் விரல் ஆழத்துக்குமேல் இறங்குவதில்லை. நெடுங்கால் உள்ளானுக்குச் சாண் அளவு நீர் போதும். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் முழங்காலுக்குக் குறைந்த நீரையே நாடும். இரண்டு மீட்டர் ஆழமுள்ள, சரிவில்லாத குட்டையில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டுமே இருக்கும். மதகு உள்ள இடத்தில் தையிலிருந்து வாரத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் வீதம் மட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், புதுச் சேற்றுப் பட்டை ஒன்று வாராவாரம் வெளிப்பட்டு, அதைத் தொடர்ந்து பறவைகள் வருவதை அந்தப் பருவத்திலேயே காணலாம்.

அடுத்தது அமைதி. கரையைச் சுற்றி நடைபாதையும் மின்விளக்கும் அமைத்துவிட்டுப் பறவையை எதிர்பார்ப்பது பொருந்தாது. பாதை ஒரு பக்கத்தோடு நிற்கட்டும், மறுபக்கத்தைக் கோரைக்கு விட்டுவிடலாம். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை.

கூடு கட்ட வேண்டுமானால் நீரில் நிற்கும் மரம் வேண்டும். பூனையும் மனிதரும் நீரைக் கடந்து ஏற மாட்டார்கள் என்பதே பறவைகளின் கணக்கு. வேடந்தாங்கலில் நாரைகள் நீர்க்கடம்பில் அமர்வது அதனால்தான். சிறு குட்டையில் ஒரு மண்திட்டு அமைத்தால் போதும்: கரையிலிருந்து நாய் தாவ இயலாத தொலைவில், உச்சி முழுநீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, சுற்றிலும் மென்சரிவோடு. திட்டின் மண் ஒரு மழைக்காலம் அமர்ந்தபின், அடுத்த தையில், நீர்க்கடம்பையும் நாட்டுக் கருவேலத்தையும் நட்டு, முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை குடத்தில் நீர் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். குட்டை காய்ந்திருக்கும் அந்த மாதங்களில் ஆடுகள் திட்டுக்கு நடந்தே வந்துவிடும் என்பதால், முள்வேலி அடைப்பதைப் பங்குனிக்கு முன்பே முடித்துவிடவும்.